கோடியக்கரை: பறவையும் வெளிமானும் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடிக்குக் கிளம்புகிறவர்களிடமிருந்தும், போய்விட்டு ஏமாந்து திரும்புகிறவர்களிடமிருந்தும் ஒரே சந்தேகங்கள்தான் மீண்டும் மீண்டும் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். முதலிலிருந்து வரிசையாகப் படித்தால் பின்னால் வரும் பதில்கள் எளிதாகப் புரியும்.

கோடியக்கரை, கோடிக்கரை, கோடிக்காடு, வேதாரண்யம் சதுப்பு... எல்லாம் ஒண்ணுதானா?

இல்லை. கோடியக்கரை என்பது நிலமுனையில் இருக்கும் மீனவர் ஊர். பேச்சில் கோடிக்கரை என்பார்கள். வேதாரண்யத்திலிருந்து வரும் சாலையில் அதற்கு முன்னால் வருவது கோடிக்காடு. இந்த இரண்டு ஊர்களையும் ஒட்டிய காடும் புல்வெளியும் 1967-ல் வனவிலங்கு சரணாலயம் ஆயின. அதற்கு மேற்கே முத்துப்பேட்டை வரை நீண்டு கிடப்பது வேதாரண்யம் பெருஞ்சதுப்பு. சரணாலயம், சதுப்பு, தலைஞாயிறு காப்புக்காடு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு எல்லாம் சேர்ந்த 38,500 ஹெக்டேர் 2002-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்நாட்டில் முதலில் இடம்பெற்ற ஈரநிலம் இதுதான்.

இந்த வேறுபாடு தெரியாமல் போனால் பயணமே வீணாகலாம். வெளிமான், புள்ளிமான், மட்டக்குதிரை எல்லாம் சரணாலய வாசலுக்கு உள்ளே. நீர்ப்பறவைகளில் பெரும்பகுதி வாசலுக்கு வெளியே, உப்பளங்களிலும் சதுப்பிலும். உள்ளே மட்டும் சுற்றிவிட்டு "பறவையே இல்லை" என்று சொல்கிறவர்கள் நிறைய.

எந்த மாசம் போனா நல்லது?

வெளிமான் ஆண்டு முழுவதும் உண்டு. பறவைகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அது தவறில்லை, ஆனால் முழு விவரமும் அல்ல. சிறிய கரைப்பறவைகள் ஆகஸ்டிலேயே வடக்கிலிருந்து வரத் தொடங்கிவிடும். அக்டோபரில் காட்டுக்குள் ஆறுமணிக்குருவி வந்து இறங்கும். விடியும்போதும் பொழுது சாயும்போதும் அதன் இரட்டைச் சீழ்க்கை கேட்கும். வாத்துகள் மழைக்குப் பிறகு சேரும். மார்ச், ஏப்ரலில் ஊர் திரும்பும் உள்ளான்கள் என்னும் கரைப்பறவைகள் இனப்பெருக்க நிறத்துக்கு மாறியிருக்கும். குளிர்காலம் முழுவதும் சாம்பலாகத் தெரிந்த வளைமூக்கு உள்ளான் ஏப்ரலில் செங்கல் நிற வயிற்றோடு நிற்பதைப் பார்த்தால் வேறு பறவை என்றே நினைப்பீர்கள்.

ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் ஜனவரி கடைசியோ பிப்ரவரியோ. காரணம் அடுத்த பதிலில்.

டிசம்பர்ல போனோம், ஒரு பூநாரைகூட கண்ணுல படல. சீசன்னு சொன்னாங்களே?

நாட்காட்டியை மட்டும் பார்த்துவிட்டுப் போனதுதான் காரணம். இங்கே தண்ணீரின் ஆழம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கொட்டும். சதுப்பு மிகவும் தட்டையான நிலம் என்பதால், நல்ல மழை பெய்த ஆண்டில் கண்ணுக்கு எட்டும் வரை ஒரே நீர்ப்பரப்பாகிவிடும். பறவை தன் காலின் நீளத்துக்கு ஏற்ற ஆழத்தில்தான் இரை தேட முடியும். கொசு உள்ளானுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீர் போதும்; அதற்கு மேல் போனால் நிற்க முடியாது. பவளக்கால் உள்ளான் ஒரு சாண் ஆழம் வரை இறங்கும். பூநாரை இன்னும் ஆழத்தில் நிற்கும் என்றாலும், தலையைக் கவிழ்த்து அடிச்சேற்றை அலகால் எட்ட வேண்டும்.

மழைநீர் ஆழத்தைக் கூட்டுவதோடு உப்பையும் கரைத்துவிடுகிறது. பூநாரை தின்னும் உப்புநீர் இறால், பாசி, பூச்சிப்புழு எல்லாம் அடர்த்தியாக இருப்பது உப்பு ஏறிய நீரில்தான். மழை ஓய்ந்து, வெயில் ஏறி, நீர் சுருங்கச் சுருங்க இரை ஓரிடத்தில் திரளும், பறவையும் திரளும். மழை குறைந்த ஆண்டில் டிசம்பரிலேயே இது நடக்கலாம். தாமதமாக மழை பெய்த ஆண்டில் பிப்ரவரி வரை தள்ளிப்போகலாம்.

இன்னொன்றும் உண்டு. பூநாரைக்கு இது இரை தேடும் இடம். கூடு கட்டும் இடமல்ல. நம் நாட்டில் அது பெருங்கூட்டமாகக் கூடு கட்டுவது குஜராத்தின் கட்ச் உப்பு வெளியில். அங்கே நீர் எப்படி இருக்கிறது என்பதும் இங்கே எத்தனை வருகிறது என்பதைப் பாதிக்கும்.

அப்ப தண்ணி எப்படி இருக்குன்னு கிளம்புறதுக்கு முன்னாடி எப்படித் தெரிஞ்சுக்கிறது?

மூன்று வழிகள். வேதாரண்யம் பகுதியில் கடைசியாகக் கனமழை பெய்து எத்தனை நாள் ஆயிற்று என்று பாருங்கள். வெயிலோடு இரண்டு மூன்று வாரமாவது கடந்திருந்தால் நல்லது. இரண்டாவது, பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவிடும் இபேர்ட் இணையதளத்தில் கோடியக்கரைக்குக் கடந்த பத்து நாளில் பதிவான பட்டியல்களைப் பாருங்கள். இனங்களின் எண்ணிக்கையைவிட, ஒவ்வொன்றுக்கும் எதிரே போட்டிருக்கும் பறவை எண்ணிக்கைதான் முக்கியம். மூன்றாவது, வனச்சரக அலுவலகத்தில் விசாரியுங்கள். "பறவை இருக்கா?" என்றால் "இருக்கு" என்றுதான் பதில் வரும். "சதுப்பில் சேறு தெரியுதா, தண்ணி நிக்குதா?" என்று கேளுங்கள். அதே போனில் சரணாலயம் திறந்திருக்கிறதா, கட்டணம் என்ன என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். புயல், கணக்கெடுப்பு போன்ற காரணங்களால் இடையில் மூடப்படுவதுண்டு.

உப்பளத்துல எல்லாப் பாத்தியும் ஒரே மாதிரிதானே இருக்கு, எதைப் பாக்கிறது?

பார்வைக்கு ஒரே மாதிரி. உப்பின் அளவில் ஏணிப்படி போல வேறு வேறு. உப்பு நீரைப் பெரிய தேக்கத்தில் விட்டு, அங்கிருந்து பாத்தி பாத்தியாக நகர்த்தி வெயிலில் சுண்ட வைக்கிறார்கள். நீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைப் போமே என்ற அளவால் சொல்வார்கள். கடல்நீர் அந்த அளவில் சுமார் 3 முதல் 3.5 டிகிரி. உப்பு பூக்கத் தொடங்குவது ஏறக்குறைய 25 டிகிரியில்.

முதல் தேக்கத்தில் மீன் உயிரோடிருக்கும். கூழைக்கடா, ஆலா, நீர்க்காகம், கொக்கு எல்லாம் அங்கே. நடுக்கட்டத்தில் மீன் செத்துப்போய், உப்புநீர் இறால் பெருகும். பூநாரையையும் பவளக்கால் உள்ளானையும் அங்கே தேடுங்கள். கடைசியில் உப்பு பூக்கும் பாத்தியில் இரையே இல்லை. அங்கே பறவை நின்றால் ஓய்வெடுக்கத்தான் நிற்கிறது. ஆகவே வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல் தெரியும் இடத்தில் நேரத்தை வீணாக்காமல், பெரிய தேக்கங்களும் வாய்க்கால் ஓரங்களும் இருக்கும் பக்கம் போங்கள்.

உப்பளம் தொழில் நடக்கும் இடம். வரப்பில் ஏறும் முன் அங்கே வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மண் வரப்பு காலடியில் சரிந்தால் அவர்களின் பல நாள் உழைப்பு வீண்.

எத்தனை மணிக்கு அங்க இருக்கணும்?

விடியும்போது. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைச் சாலை தெற்கு நோக்கிப் போகிறது. சதுப்பும் உப்பளமும் பெரும்பாலும் மேற்கே. காலையில் சாலையோரம் நின்று மேற்கே பார்த்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், நிறங்கள் தெளிவாகத் தெரியும். அதே இடத்தில் மாலை நான்கு மணிக்கு நின்றால் எதிர்வெயில். பறவை எல்லாம் கறுப்பு நிழல்தான்.

ஒன்பது, ஒன்பதரைக்குள் கானல் எழும்பிவிடும். அதன்பின் எவ்வளவு விலை உயர்ந்த தொலைநோக்கியாக இருந்தாலும் தூரத்துப் பறவை நெளியும். ஆகவே காலை சதுப்புக்கு, மாலை புல்வெளிக்கு என்று பிரித்துக்கொள்வதே சரி. மாலை மூன்றரைக்கு மேல் வெளிமான்கள் மேய எழும்.

பைனாகுலர் எது வாங்கலாம்? போன் கேமரா போதாதா?

போன் போதாது. தூரம் அப்படி. 8×42 அளவு பைனாகுலர் தொடக்கக்காரருக்கு ஏற்றது: எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். 10×42 இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் காட்டும், ஆனால் இங்கே வீசும் கடற்காற்றில் கை ஆடினால் அந்த லாபம் போய்விடும். உள்ளான்களைப் பிரித்தறிய முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி வேண்டும். குழுவுக்கு ஒன்று போதும்.

இங்கே கண்ணாடிக்குப் பகை உப்பு. காற்றில் வரும் உப்புத்துகளை உலர்ந்த துணியால் தேய்த்தால் பூச்சு கீறிவிடும். முதலில் ஊதுங்கள், பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள், கடைசியில் உலர்ந்த துணி. முக்காலியின் கால்களையும் வண்டியின் அடிப்பாகத்தையும் அன்றே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

எப்படிப் போறது, எங்க தங்குறது?

வேதாரண்யத்துக்குச் சென்னை, தஞ்சாவூர், நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டியிலிருந்து பேருந்து உண்டு. திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி 37 கிலோமீட்டர் அகலப்பாதை 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அகஸ்தியம்பள்ளி 1930 உப்புச் சத்தியாகிரகம் நடந்த இடம்; உப்பளங்கள் அங்கேயே தொடங்கிவிடும். ரயில் நேரத்தைக் கிளம்பும் முன் சரிபாருங்கள்.

தங்க வேதாரண்யத்தில் விடுதிகள் உண்டு. கோடியக்கரையில் வனத்துறையின் ஓய்வில்லம் உண்டு, முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். விடியலில் சதுப்பில் இருக்க வேண்டுமானால் முதல் நாள் இரவே வந்துவிடுவது நல்லது. கோடியக்கரையில் கடைகள் குறைவு. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்துப்போங்கள். ஆடி, தை அமாவாசை நாட்களில் கோடியக்கரைக் கடலில் ஆதிசேது என்னும் புனித நீராடும் இடத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வருவார்கள். விலங்கு பார்க்க அது ஏற்ற நாள் அல்ல.

புள்ளிமானையும் வெளிமானையும் எப்படிப் பிரிச்சுப் பாக்கிறது?

கொம்பைப் பாருங்கள். புள்ளிமானுக்குக் கிளைவிட்ட கொம்பு. ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும். வெளிமான் கிடாவுக்குத் திருகிய, கிளையில்லாத கொம்பு. வாழ்நாள் முழுக்க விழாது. ஆடு, மாட்டுக் கொம்பின் வகை அது. வளர்ந்த கிடாவுக்கு முதுகு கரும்பழுப்பு அல்லது கறுப்பு, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். பெண்ணும் குட்டியும் இளம்பழுப்பு. இடமும் துப்புக் கொடுக்கும்: புள்ளிமான் மரநிழலை ஒட்டி, வெளிமான் பெயருக்கேற்ப வெட்டவெளியில்.

வெளிமான்கிட்ட எவ்வளவு தூரம் போகலாம்?

மீட்டர் கணக்கு சொல்வதைவிட அதன் உடல்மொழியைச் சொல்வது பயன்படும். மேய்ந்துகொண்டிருப்பது தலையைத் தூக்கி உங்களை உற்றுப் பார்த்தால் அதுதான் எல்லை. அங்கேயே நில்லுங்கள். இரண்டு நிமிடத்தில் மீண்டும் குனிந்து மேய்ந்தால் உங்களை ஏற்றுக்கொண்டது என்று பொருள். காலைத் தட்டினால், கூட்டம் ஒரு பக்கமாக நகரத் தொடங்கினால், பின்வாங்குங்கள். நான்கு காலும் ஒருசேர எழும்ப உயரத் துள்ளத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே எல்லை தாண்டிவிட்டீர்கள்.

புல்வெளியில் ஒரே இடத்தில் குவிந்த புழுக்கைகளைப் பார்ப்பீர்கள். கிடா தன் எல்லையை அப்படித்தான் குறிக்கிறது. அருகில் அமர வேண்டாம். குட்டியைப் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டுத் தாய் தள்ளி மேயும். தனியாகக் கிடக்கும் குட்டி அனாதை அல்ல. தொடாமல் விலகுங்கள், சந்தேகமிருந்தால் வனக்காவலரிடம் சொல்லுங்கள்.

அங்க திரியுற குதிரைங்க யாரோடது?

இப்போது யாருடையவும் அல்ல. எப்போதோ மனிதர் வளர்த்து விட்ட மட்டக்குதிரைகள், தலைமுறைகளாகக் காட்டில் தானே பெருகியவை. பார்க்க அழகு, ஆனால் புல்லுக்கும் நல்ல தண்ணீருக்கும் வெளிமானோடு போட்டி போடுகின்றன. சீமைக்கருவேலங் காய்களைத் தின்று சாணத்தோடு விதையைப் புல்வெளி முழுக்கப் பரப்புகின்றன. புல்வெளி புதராக மாறினால், வெட்டவெளியில் தூரப்பார்வையையும் ஓட்டத்தையும் நம்பி வாழும் வெளிமானுக்கு இடமில்லை. 2018 நவம்பரில் கஜா புயலில் குதிரைகளும் மான்களும் பல இறந்தன. காட்டில் பெருமரங்கள் சாய்ந்தன. குதிரைக்கு உணவு கொடுக்காதீர்கள், பின்னால் போகாதீர்கள், உதைக்கும்.

குரங்குக்கு ரெண்டு பிஸ்கட் போட்டா என்ன?

அடுத்த வண்டிக்காக அது சாலையிலேயே உட்கார்ந்திருக்கும், அடிபடும். காட்டில் பாலைப் பழம் தின்று விதை பரப்ப வேண்டிய விலங்கு அது. போடாதீர்கள்.

சதுப்புல இறங்கி நடந்து கிட்டப் போய்ப் பாக்கலாமா?

வேண்டாம். மேலே காய்ந்து வெடித்த உப்புப் பொருக்கு உறுதியாகத் தெரியும். அடியில் முழங்கால் வரை களி இருக்கலாம். மாட்டிக்கொண்டால் பதறி மாற்றி மாற்றி உதைப்பதால்தான் இன்னும் அமிழ்கிறார்கள். பின்புறமாகச் சாய்ந்து உடல் எடையைப் பரப்பி, ஒரு காலை மெல்ல அசைத்துச் சேற்றுக்குள் தண்ணீர் புக வைத்து உருவ வேண்டும். செருப்பு போனால் போகட்டும். வனத்துறை அழைத்துப்போகும் தடத்தில் மட்டும் நடங்கள்.

உங்கள் பாதுகாப்பு ஒருபுறம். நீங்கள் இறங்கினால் பறவை எழும்பிவிடும் என்பது மறுபுறம். நடந்து துரத்துவதைவிட, சாலையோரம் அரைமணி நேரம் அசையாமல் இருந்தால் அவையே நெருங்கி வரும். வண்டிக்குள்ளேயே இருந்தால் இன்னும் நெருங்கும்.

பூநாரை கூட்டமா பறக்கிற படம் வேணும். ஒரு கை தட்டு தட்டினா தப்பா?

தப்புத்தான். பூநாரை நின்ற இடத்திலிருந்து எழும்பாது. நீர்மேல் பல அடி ஓடித்தான் மேலேறும். அதற்குச் செலவாகும் ஆற்றலை மீட்க மீண்டும் நீண்ட நேரம் இரை வடிக்க வேண்டும். அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, நாக்கைப் பம்பு போல இயக்கி, நீரை உறிஞ்சித் தள்ளி, ஓரச் சல்லடையில் தங்கும் இம்மியளவு இரையைத்தான் அது தின்கிறது.

கொசு உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். எடை சுமார் 25 கிராம். ஆர்க்டிக் வரை திரும்பப் பறக்க வேண்டிய கொழுப்பை மார்ச், ஏப்ரலில் இந்தச் சேற்றிலிருந்துதான் சேர்க்கிறது. ஒரு காலையில் நான்கு குழு வந்து நான்கு முறை எழுப்பினால் அன்றைய சேமிப்பு போயிற்று. பறக்கும் படம் வேண்டுமானால் காத்திருங்கள். செம்பருந்தோ விராலடிப்பானோ தாழ்வாக வந்தால் கூட்டம் தானே எழும்.

ட்ரோன் விடலாமா? பறவைக் குரல் போனில் போட்டு வரவழைக்கலாமா?

இரண்டும் கூடாது. சரணாலயத்தில் அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடுவது குற்றம். பறவைக் கூட்டத்துக்கு அது வல்லூறு போல. குரல் போட்டால் ஆறுமணிக்குருவி போன்றவை எதிரி வந்துவிட்டதென்று இரை தேடுவதை விட்டு அலையும்.

சின்னப் பறவை எல்லாம் ஒரே சாம்பல் கலர்ல இருக்கே. எப்படிப் பேர் கண்டுபிடிக்கிறது?

நிறத்தை விட்டுவிடுங்கள். நடையைப் பாருங்கள். உப்புக்கொத்தி ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து, மறுபடி ஓடும். கண்ணால் இரை தேடுவதால் அலகு குட்டை. உள்ளான் நிற்காமல் தையல் மிஷின் போலக் குத்திக்கொண்டே போகும். அலகு நுனியின் உணர்வால் இரை தேடுவது. அடுத்து, அலகின் நீளத்தைத் தலையின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். அதற்கடுத்து காலின் நிறம்: பவளக்காலிக்கு (மேலே சொன்ன பவளக்கால் உள்ளான் வேறு பறவை) சிவப்பு, பச்சைக்காலிக்குப் பச்சை கலந்த சாம்பல். கடைசியாக, பறக்கும்போது இறக்கையில் வெள்ளைப் பட்டை எங்கே என்று பாருங்கள். முதல் நாளில் ஐந்து இனம் உறுதியாகத் தெரிந்தாலே நல்ல தொடக்கம்.

பூநாரையிலும் இரண்டு வகை. பெரிதற்கு வெளிர் ரோஜா அலகு, நுனி மட்டும் கறுப்பு. சிறிதற்கு அலகு முழுவதும் கருஞ்சிவப்பு. இங்கே குறைவாகவே தென்படும். சாம்பலாக நிற்பவை வேறு இனம் அல்ல, இளம் பறவைகள்.

அதே நாள்ல முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் பாத்துட முடியுமா?

முடியும், ஆனால் இரண்டுமே அரைகுறையாகும். அங்கேயும் விடியல்தான் நேரம். வனத்துறை அனுமதியோடு ஜாம்புவானோடையிலிருந்து கோரையாறு வழியாகப் படகில் போய்க் கடற்கழிமுகத்தை எட்ட வேண்டும். வெயில் ஏறினால் படகில் நிழல் இல்லை, காற்றும் கூடும். அங்கே பெரும்பாலும் இருப்பது வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரம். சேற்றிலிருந்து பென்சில் குத்தி வைத்தது போல நிற்கும் மூச்சுவேர்களை மிதிக்காதீர்கள்; காற்றில்லாச் சேற்றில் மரம் அவற்றால்தான் மூச்சு விடுகிறது. இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

ராத்திரி ஆமை முட்டையிடுறதைப் பாக்கலாமா? கடல்பசு தெரியுமா?

பங்குனி ஆமை ஜனவரி முதல் ஏப்ரல் வரை இந்தக் கரையில் முட்டையிடும். முட்டைகளை வனத்துறை எடுத்துப் பொரிப்பகத்தில் காக்கிறது. தனியாக இரவில் கடற்கரையில் திரிய அனுமதியில்லை. குஞ்சுகளைக் கடலில் விடும் நாள் எப்போது என்று அலுவலகத்தில் கேட்டால் அன்று போகலாம். டார்ச்சும் பிளாஷும் வேண்டாம். குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடலின் திசையை அறிகிறது.

கடல்பசுவைக் கரையிலிருந்து பார்க்க முடியாது. அதற்காக 2022-ல் அறிவிக்கப்பட்ட 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தில், பாக் விரிகுடாவில் இருக்கிறது. அங்கேயும் அது கடற்புல் மேயும் கூச்ச விலங்கு. "காட்டுகிறேன்" என்று யாராவது படகுக்குப் பணம் கேட்டால் ஏறாதீர்கள்.

காலில் வளையம் போட்ட பறவை ஒண்ணு தெரிஞ்சது. என்ன செய்யணும்?

நல்ல கண் உங்களுக்கு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையம் இட்டுவருகிறது. மற்ற நாடுகளில் இட்டவையும் இங்கே வரும். உலோக வளையத்தின் எண்ணைத் தூரத்திலிருந்து படிப்பது கடினம். வண்ண வளையமோ, சிறு கொடி போல நீட்டிய பட்டையோ இருந்தால் இவற்றைக் குறியுங்கள்: எந்தக் கால் (பறவையின் இடமா வலமா, நீங்கள் பார்க்கும் பக்கம் அல்ல), காலின் நடுமூட்டுக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக நிற வரிசை, கொடியில் எழுத்து இருந்தால் அது. மங்கலாக இருந்தாலும் ஒரு படம் எடுங்கள். தேதி, நேரம், இடத்தோடு கழகத்துக்கு அனுப்புங்கள். பறவை செத்துக் கிடந்தால் வளையத்தைக் கழற்றாமல் எண்ணைப் படமெடுத்து வனக்காவலரிடம் சொல்லுங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம்.